பல கோப்பு நூல்களில் குறுக்குச் சுட்டு: வகையும் தீர்வும் பிழையும்

1. வரையறை

நூலின் ஓரிடத்தில் நின்று வேறோர் இடத்தைக் காட்டும் தொடரைக் குறுக்குச் சுட்டு என்கிறோம். சுட்டு நிற்கும் இடம், அது காட்டும் இலக்கு, இரண்டையும் இணைக்கும் குறிப்பெயர் என மூன்று உறுப்புகள் இதற்கு உண்டு. குறிப்பெயராவது, இலக்குக்கு ஆசிரியர் சூட்டும் மாறாப் பெயர். அச்சில் அது தோன்றாது. இயல் எண்ணோ பட எண்ணோ பக்க எண்ணோதான் தோன்றும். எண் மாறக்கூடியது. ஆகவே ஆசிரியர் பெயரை எழுத, எண்ணைக் கணினி இடுவதே முறை.

2. வகை

திசை பற்றி, முன் சொன்னதைச் சுட்டுவது, இனிச் சொல்லப்போவதைச் சுட்டுவது என இரண்டு. நன்னூல் தன் 32 உத்திகளுள் இவற்றைத் தனித்தனியாகவே எண்ணுகிறது. அப்பகுப்பு எவ்வளவு நுட்பமானது என்பது அடுத்த பிரிவில் விளங்கும். எல்லை பற்றி, ஒரு கோப்புக்குள், ஒரு நூலின் கோப்புகளிடையே, வெவ்வேறு நூல்களிடையே என மூன்று.

3. தீர்வு நிலைகள்

லெஸ்லி லாம்போர்ட் 1980களில் உருவாக்கிய லேடெக்ஸ் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தளமான டெக், கோப்பை மேலிருந்து கீழாகப் படிப்பது. இனி வரும் இலக்கின் எண், சுட்டைப் படிக்கும்போது அதற்குத் தெரியாது. எனவே முதல் ஓட்டத்தில் பெயர், எண், பக்கம் ஆகியவற்றை ‘ஆக்ஸ்’ என்னும் துணைக்கோப்பில் பதிந்துவிட்டு, சுட்டின் இடத்தில் இரண்டு கேள்விக்குறிகளை இடும். இரண்டாம் ஓட்டத்தில் அப்பதிவைப் படித்து எண்ணை நிரப்பும். சில வேளை மூன்றாம் ஓட்டமும் வேண்டும்: 99 என்பது 100 ஆனால் வரி நீண்டு, பத்தி ஒரு வரி கூடி, இலக்கே மறுபக்கம் போய்விடலாம்.

நூல் பல கோப்புகளாகும்போது, ‘இன்க்ளூட்’ கட்டளையால் சேர்த்த ஒவ்வோர் இயலும் தனக்கெனத் துணைக்கோப்பு பெறுகிறது. ‘இன்க்ளூட்ஒன்லி’ என்று குறித்து ஓர் இயலை மட்டும் ஓட்டினாலும், மற்ற இயல்களின் எண்கள் பழைய துணைக்கோப்புகளிலிருந்து வந்துவிடும். இது பெரும் வசதி. ஆனால் அவ்வெண்கள் அக்கோப்புகள் கடைசியாக ஓடிய நாளின் நிலையையே காட்டும். வேறு நூலைச் சுட்ட ‘எக்ஸ்ஆர்’ தொகுப்பு உண்டு. அது அந்நூலின் துணைக்கோப்பைப் படிக்கும். பெயர்கள் மோதாதிருக்க முன்னொட்டும் சேர்க்கலாம்.

4. பிழையும் காரணமும்

பெயர் இல்லாவிட்டால் கேள்விக்குறி காட்டிக்கொடுக்கும். இரு இயல்களை இருவர் எழுதி, ஒரே பெயரை இருவரும் சூட்டினால் எச்சரிக்கை வரும். எனினும் கடைசியாகப் படித்த பெயரே நிலைக்கும். இவற்றினும் கொடியது ஓசையற்ற பிழை. படத்துக்கு எண் தருவது ‘கேப்ஷன்’ கட்டளை. குறிப்பெயரைச் சூட்டும் ‘லேபிள்’ கட்டளையை அதற்கு முன்னால் எழுதிவிட்டால், குறிப்பெயர் அப்போது நடப்பிலுள்ள பிரிவின் எண்ணைப் பற்றிக்கொள்ளும். ‘படம் 3.2’ வர வேண்டிய இடத்தில் ‘படம் 3.5’ அச்சாகும். எச்சரிக்கை எதுவும் வராது. வாசகர் தவறான படத்தைப் பார்த்து நிற்பார்.

5. காப்பு

குறிப்பெயர் இலக்கின் வகையையும் பொருளையும் சொல்ல வேண்டும், இடத்தைச் சொல்லலாகாது. ‘படம்:அழுத்த-வால்வு’ என்பது நிலைக்கும். ‘இயல்3-படம்2’ என்பது, நடுவே ஓர் இயல் புகுந்த அன்றே பொய்யாகும். அச்சுக்கு அனுப்புமுன் துணைக்கோப்புகள் அனைத்தையும் நீக்கி, எச்சரிக்கை ஓயும்வரை முழு நூலையும் ஓட்டுக. பின்னர் ஒவ்வொரு சுட்டையும் அதன் இலக்குவரை கண்ணால் தொடர்ந்து சரிபார்க்க.