ஒன்றரை ஷிப்டுக்கு வெளியே ஒரு மணி நேரம்: முதலிபாளையத்தில் உளச்சிகிச்சைக்கான வாதம்

திருப்பூரில் உழைப்பை அளப்பது ஷிப்ட். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போன டெய்லர் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் அதுவே வழக்கமான நாளாகிவிடுகிறது. முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் சமையல், தூக்கம், பிள்ளையின் வீட்டுப்பாடம், கணவன் மனைவி பேச்சு ஆகிய எல்லாமே இந்தக் கணக்கில் மிஞ்சிய நேரத்தில்தான் நடந்தாக வேண்டும். மனநலம் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் மருத்துவர் பற்றாக்குறையிலும் ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சத்திலும் நின்றுவிடுகின்றன. இரண்டும் மெய்யான தடைகளே. ஆனால் உழைப்பாளர் ஊர்களில் இவற்றுக்கு முன்னால் நிற்கும் தடை நேரம். உளச்சிகிச்சை என்பது, ஒரே ஆளை வாரந்தோறும் தவறாமல் சந்தித்துப் பேசுவதால் நடக்கும் மருத்துவம். நேரத்தை விற்றுப் பிழைக்கும் ஊரில் அந்தச் சந்திப்புக்கு இடம் பிடித்துக் கொடுக்காமல் அதன் பலனைப் பேசுவதில் பொருளில்லை.

பலன் உண்டு என்பதற்கு நம்மைப் போன்ற சூழலிலிருந்தே வலுவான சான்று கிடைத்திருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி, 2017இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கடும் மனச்சோர்வுள்ள 495 பேர் பங்கேற்றனர். சிகிச்சை அளித்தவர்கள் மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். அரை மணி முதல் நாற்பது நிமிடம் வரை நீளும் ஆறு முதல் எட்டு அமர்வுகள். மனச்சோர்வில் கைவிட்டுப்போன சிறு செயல்களைத் திட்டமிட்டு மீண்டும் தொடங்க வைப்பதே முறையின் மையம். மூன்று மாத முடிவில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்றது. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால், நம்மிடம் குறைவாக இருப்பது மருத்துவ அறிவு அல்ல என்பது விளங்கும். அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு காலையில் நடக்கிறது. எட்டு அமர்வுக்கு எட்டுக் காலைகள் என்றால் பீஸ் ரேட்டில் தைக்கும் ஒருத்திக்கு எட்டு நாள் வருமானம் அடிபடும். லைனில் அவள் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிடும் ஆபத்து அதற்கும் மேலே. அவள் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டால் அதை அறியாமை என்று எழுதிவைப்பது அநியாயம்.

பிள்ளைகள் விஷயத்தில் நேரக்கணக்கு வேறு விதமாக ஓடுகிறது. தாயும் தகப்பனும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீட்டில் மாலை நான்கரைக்குப் பள்ளிவிட்டு வரும் குழந்தை இரவு ஒன்பது வரை பெரியவர் இல்லாத வீட்டில் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் ஒரே நிலையான இடம் பள்ளிக்கூடம். அப்படியானால் ஆசிரியர்களையே ஆலோசகர்களாக்கலாமே என்று கல்வித்துறை வழக்கமாகக் கேட்கும். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சிலவற்றில் அதற்கென்றே அமர்த்தப்பட்ட உள்ளூர் ஆலோசகர்களும் நடத்தினர். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவரின் மனச்சோர்வும் அடிதடியும் கேலித்தொல்லையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. மதிப்பெண் போடும் கையிடம் பிள்ளை மனதைத் திறப்பதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பாடம் முடிக்கும் அவசரத்தில் இருக்கும் ஆசிரியரிடம் நேரம் இல்லை என்பதே பெரிய காரணம் என்பது என் கருத்து. டெல்லி அரசுப் பள்ளிகளில் வளரிளம் பருவத்தினர் 251 பேரிடம் செய்த இன்னோர் ஆய்வில் நான்கைந்து குறுகிய அமர்வுகளே மாணவர் தாமே சொன்ன பிரச்சினைகளின் பாரத்தைக் குறைத்தன. ஆனால் ஆறாவது வாரத்தில் நோய்க்குறிகளில் வேறுபாடு தெரியவில்லை. குறுகிய சிகிச்சைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அதை ஆதரிப்பவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பள்ளியை விட்டு நூற்பாலை விடுதிக்குப் போன பதின்வயதுப் பெண்ணின் நிலை இதைவிட இறுக்கமானது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், ஒப்பந்த காலம் முடிந்தால் மொத்தத் தொகை என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர்களின் நிலையை 2011இல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையமும் அந்நாட்டிலேயே இயங்கிய இந்தியக் குழு என்ற அமைப்பும் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. விடுதி வாசலைத் தாண்டவே அனுமதி கேட்க வேண்டியவளுக்கு ஆலோசகரிடம் போ என்று அறிவுரை சொல்வதால் என்ன பயன்?

குடும்பம் என்று வந்தால் குடியைத் தொடாமல் பேச முடியாது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை, இரண்டுக்கும் நடுவே டாஸ்மாக் என்பதுதான் இங்கே வாரத்தின் அமைப்பு. அதே கோவாக் குழு, தீங்கு தரும் அளவில் குடிக்கும் ஆண்கள் 377 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒன்று முதல் நான்கு அமர்வுகளில் ஆலோசனை வழங்கிப் பார்த்தது. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் அந்தக் குடிப்பழக்கத்திலிருந்து மீண்டனர்; ஒப்பீட்டுக் குழுவில் 26. இது பெரிய வெற்றியல்ல. ஆனால் பத்து வீட்டில் ஒரு வீடு கூடுதலாக மீளுகிறது என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குச் சிறிய செய்தி அல்ல. குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி மரபு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியுடன் உறவினரும் தங்குவது சிகிச்சையின் பகுதியாகவே வைக்கப்பட்டது. தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து உறவுகளை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வாழும் தொழிலாளிக்கு அந்த உறவினர் யார் என்பதுதான் முதலிபாளையத்தின் கேள்வி. அறைத்தோழர்களையும் பக்கத்து லைன் வீட்டாரையும் குடும்பமாகக் கருதும் சிகிச்சை இங்கே தேவை. ஒடியாவிலும் இந்தியிலும் பேசுபவர்களும் தேவை.

இனி மறுப்புகள். முதலாவது, இடதுசாரித் தொழிற்சங்கத்தவரிடமும், வறுமையை நோயாக்குவதாக உலக மனநல இயக்கத்தைச் சாடிய டெரெக் சம்மர்ஃபீல்டு, சைனா மில்ஸ் போன்றவர்களிடமும் கேட்பது: குறைந்த கூலிக்கும் கந்துவட்டிக்கும் பேச்சு மருந்தாகுமா? கென்யாவில் யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபர் குழு செய்த ஆய்வு இவர்கள் பக்கம் நிற்பதுபோல் தெரிகிறது. கிராம மக்களில் சிலருக்குப் பணமும் சிலருக்கு ஐந்து வார உளச்சிகிச்சையும் அளித்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பணம் வாழ்வையும் மனதையும் உயர்த்தியிருந்தது; சிகிச்சையால் அளக்கத்தக்க பலன் எதுவும் இல்லை. இந்த முடிவை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அங்கே சிகிச்சை, நோய் இருக்கிறதா என்று பாராமல் எல்லோருக்கும் வழங்கப்பட்டது. கோவாவில் நோய் கண்டறியப்பட்டவர்களுக்கே வழங்கப்பட்டது. ஊருக்கெல்லாம் ஆலோசனை என்பது வீண் செலவு. கூலி உயர்வின் இடத்தில் அதை வைப்பது ஏமாற்று. நோயுற்றவருக்குச் சிகிச்சை என்பது இவ்விரண்டிலிருந்தும் வேறானது. கடன் அடைந்த பிறகும் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் உண்டு. மேலும் என் வாதம் கூலிப் போராட்டத்துக்கு எதிரானதும் அல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதை மனநலச் சட்ட விவாதமாகவும் வாசிக்கலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கையில் இல்லாதவனுக்கு எந்த உரிமையும் ஏட்டுச்சுரைக்காய்தான்.

இரண்டாவது மறுப்பு பண்பாட்டிலிருந்து வருவது: நமக்குக் கோயில் இருக்கிறது, சாமியாடி இருக்கிறார், மாமன் மச்சான் இருக்கிறார்கள், இந்த இறக்குமதி எதற்கு? இதை ஏளனம் செய்ய எனக்கு உடன்பாடில்லை. வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் குழுவினர் ஆராய்ந்து, நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். ஆனால் அவர்கள் வாரக்கணக்கில், குடும்பத்தோடு, கூலி வேலை இல்லாமல், மரியாதையோடு அங்கே தங்கியிருந்தார்கள். கோயில் தந்ததும் நேரம்தான். மறுபக்கம் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதும் வழிபாட்டுத் தலத்தைச் சுற்றி வளர்ந்த காப்பகத்தில்தான். மரபு என்பதாலேயே ஓரிடம் மனிதத்தன்மை உடையதாகிவிடாது.

மூன்றாவதாக, ஒரு மாற்று யோசனை முதலாளிகள் தரப்பிலிருந்து நல்ல எண்ணத்தோடு வருவது: கம்பெனிக்குள்ளேயே ஆலோசகரை வைத்துவிடலாம். பெரிய ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, கூடவே இன்னொருவர். நேரப் பிரச்சினையும் தீரும். ஆனால் சூப்பர்வைசரின் தொல்லையைப் பற்றிப் பேச வந்தவள், அவர் கண்முன்னே லைனிலிருந்து எழுந்து அந்த அறைக்குப் போக வேண்டும். மனநல மருத்துவச் சட்டம் 2017 தரும் இரகசிய உரிமை அந்த நடைபாதையிலேயே போய்விடுகிறது. கம்பெனி தர வேண்டியது சம்பளம் பிடிக்காத ஒரு மணி நேரம். ஆலோசகர் அதன் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது.

அப்படியானால் யார், எங்கே? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். லைன் வீட்டு வாசல் அவர்களுக்குப் பழக்கம். அவர்களில் விரும்புவோரைத் தனி ஊதியத்தோடு பயிற்றுவித்து, ஞாயிறு பிற்பகலிலும் இரவு ஒன்பதுக்குப் பிறகும் பள்ளிக் கட்டிடத்திலோ அங்கன்வாடியிலோ உட்கார வைக்கலாம். (ஞாயிறு முற்பகல் துணி துவைக்கும் நேரம், யாரும் வரமாட்டார்கள்.) தற்கொலை எண்ணம், மனப்பிறழ்வு போன்றவை இவர்கள் கையாளக் கூடியவை அல்ல, அவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் கிடைக்கும் மனநலத் தொலைபேசிச் சேவை அவசரத்துக்கு உதவும், ஆனால் வாரச் சந்திப்பின் வேலையைச் செய்யாது. அரைகுறைப் பயிற்சி தீங்கு செய்யாதா என்ற கவலை நியாயமானது. கோவாவில் ஆலோசகர்களின் அமர்வுகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, குழுவாக உட்கார்ந்து கேட்டு மதிப்பிடப்பட்டன. தரம் நின்றது சான்றிதழால் அல்ல, அந்த மேற்பார்வையால். 2022இல் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை அந்தப் பொறுப்பை ஏற்றால், முதல் ஆண்டில் அதற்குத் தேவைப்படுவது புதிய கட்டிடம் அல்ல. வாரத்தில் ஒரு மாலை ஒலிப்பதிவுகளைக் கேட்க உட்காரும் ஒரு மருத்துவர்.