நின்றவூருக்கும் எவ்வுளூருக்கும் நடுவே

சென்னையிலிருந்து மேற்கே போகும் மின்சார ரயிலில் திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், திருவள்ளூர் என்று நிலையங்கள் அடுத்தடுத்து வரும். 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தப் பாதையில்தான் போனது. ரயிலுக்குப் பல நூற்றாண்டு முன்பே மனக்கஷ்டத்தோடு ஜனங்கள் நடந்த வழியும் இதுதான். செவ்வாப்பேட்டையிலிருந்து கிழக்கே இரண்டு நிலையம் போனால், கோயில் கட்டக் காசில்லாத பூசலாரின் ஊர். மேற்கே அடுத்த நிலையமான புட்லூரில் அங்காளம்மன் நிறைமாதக் கர்ப்பிணியாக மண் புற்று வடிவில் மல்லாந்து படுத்திருக்கிறாள். பிள்ளை வரம் வேண்டுபவர்கள் அங்கே வருகிறார்கள். அதற்கும் அடுத்தது எவ்வுளூர் என்னும் திருவள்ளூர். அங்கே வைத்திய வீரராகவப் பெருமாள் சன்னிதி. பணமில்லாதவர், பிள்ளையில்லாதவர், நோயாளி என மூன்று விதமான இல்லாமைக்கும் இந்தச் சின்ன வட்டாரத்தில் ஒரு வாசல் உண்டு. தெய்வத்தை நம்புவது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் பழங்கதைகளும் வழக்கங்களும் அப்படிச் சொல்லவில்லை.

பூசலாரை எடுத்துக்கொள்வோம். சிவனுக்குக் கோயில் எடுக்க ஆசைப்பட்டுப் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. அதோடு விட்டுவிடவில்லை. மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்தார், தச்சர்களை அமர்த்தினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், இரவிலும் கண் உறங்காமல் வேலை பார்த்தார் என்று 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விவரிக்கிறார். சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் அமைத்த பிறகே குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் தன் கற்றளிக்குக் குறித்திருந்த பல்லவ அரசனின் கனவில் இறைவன் தோன்றி, தாம் அன்று நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குப் போவதாகவும், அவன் வேறு நாள் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார். நின்றவூருக்கு ஓடி வந்த அரசன் கோயில் எங்கே என்று கேட்கிறான். ஊராருக்கே தெரியவில்லை. விஷயம் புரிந்ததும் அந்த ஏழையின் காலில் விழுகிறான். ஏழையை அடங்கியிருக்கச் செய்யவே இப்படிப்பட்ட கதைகளைக் கட்டினார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அடக்குவதற்கென்று கட்டிய கதையில் அரசன் ஏன் விழ வேண்டும்? அவன் விழா ஏன் தள்ளிப்போக வேண்டும்?

அந்தப் பல்லவன் காலத்துக்கு நானூறு ஆண்டு கழித்து எழுதியதை எப்படி நம்புவது என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் சேக்கிழாருக்கு வெகுகாலம் முந்திய சுந்தரர் தம் அடியார் வரிசையில் நின்றவூர்ப் பூசலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில், அதைக் கட்டிய பல்லவ அரசன் ராஜசிம்மன் காலத்து வடமொழிக் கல்வெட்டு இன்னும் சுவாரசியமான சாட்சி. துஷ்யந்தன் போன்ற மன்னர்கள் அசரீரி கேட்டது முந்திய யுகத்தில். கலியுகத்தில் ஸ்ரீபரன் அதைக் கேட்டதுதான் பெரிய வியப்பு என்ற கருத்து அதில் இருக்கிறது. ஸ்ரீபரன் என்பது ராஜசிம்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. அந்தக் குரல் பூசலாரைப் பற்றியதுதான் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அவ்வளவு தூரம் நானும் போக மாட்டேன். கோயில் கட்டிய அரசன் வானத்துக் குரலைக் கேட்டான் என்ற பேச்சு அவன் காலத்திலேயே இருந்தது என்பதற்கு மட்டும் அது சான்று.

திருவள்ளூரின் தலபுராணம் இன்னும் கடுமையானது. சாலிஹோத்திர முனிவர் ஓராண்டு பட்டினித் தவம் இருந்து, முடிவில் மாவைப் படைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது ஒரு கிழவர் பசியோடு வருகிறார். முனிவர் தம் பங்கையும் கொடுத்துவிட்டு மறுபடி ஓராண்டு பட்டினி கிடக்கிறார். வந்தவர் பெருமாள். இன்றும் மூலவர் பள்ளிகொண்ட கோலத்தில், வலக்கை சாலிஹோத்திரரின் தலைமேல் படிய இருக்கிறார். தன் பசியைத் தாங்கிக்கொண்டு பிறர் பசியை ஆற்றுகிற தைரியம் எங்கிருந்து வந்தது? நாளைக்கு நான் கைவிடப்பட மாட்டேன் என்கிற நம்பிக்கையிலிருந்துதான்.

சைவரான வள்ளலார் இந்த வீரராகவரைப் போற்றி ஐந்து பாடல் பாடியிருக்கிறார். வயிற்றுவலி தீர வேண்டிப் பாடியதாகக் கர்ண பரம்பரை. பின்னாளில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1867 மே 23-ல் வடலூரில் தருமசாலை திறந்து அடுப்பு மூட்டினார். ஒன்பது ஆண்டு கழித்துத் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது அந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அருளை நம்பியவர் கையில் கரண்டி இருந்தது.

அமாவாசைதோறும் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் திருவள்ளூர்க் கோயிலின் ஹிருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். வெல்லம் நீரில் கரைவதுபோல வியாதியும் கரையட்டும் என்பது வேண்டுதல். இதனால் மருத்துவரிடம் போகாமல் நாளைக் கடத்துகிறவர்களும் இருப்பார்களே என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். கட்டியையோ சர்க்கரை நோயையோ குளம் கரைக்கும் என்று யாராவது சிகிச்சையை நிறுத்தினால் அது ஆபத்து. அதை எந்தப் பக்தியாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் வேண்டுதலுக்கு உரியது மாதத்தில் ஒரு நாள். மாத்திரை விழுங்க, ஆஸ்பத்திரிக்கு நடக்க, மீதி நாளெல்லாம் இருக்கிறது. அப்படிச் செய்யக் கூடாதென்று இந்த வழக்கத்தில் எந்த விதியும் இல்லை. நீண்ட நோயில் மனிதனை முதலில் தின்பது, இனி என்ன செய்தும் பயனில்லை என்கிற சோர்வு. வெல்லக் கட்டியோடு படியிறங்குபவர் அந்தச் சோர்வுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. மருந்தைத் தவறாமல் சாப்பிடவும் அந்தச் சம்மதியாமை தேவைப்படுகிறது.