தாமிரத்தை அளந்து குடிக்கும் பாசி

ராஜபாளையத்துல தென்னையோ மாவோ வச்சிருக்கிறவங்களுக்கு மயில்துத்தம் என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்போட கலந்து பூஞ்சைக்கு அடிக்கிறது. அதே துத்தம் பாசியையும் கொல்லும். காரணம் அதிலுள்ள தாமிரம். ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளம் மாதிரி ஒரு குளத்துல வளர்ற பச்சைப்பாசிக்குத் துளியாவது தாமிரம் வேணும். கொல்லக்கூடிய பொருளை அது எப்படி அளந்து உள்ளே எடுக்குது? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு.

தமிழ்நாட்டில் பாசி ஆராய்ச்சின்னா முதல் பெயர் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963). சென்னையில் இருந்துகொண்டு தென்னிந்திய நீர்நிலைகளின் வால்வாக்ஸ் வகைப் பாசிகளை விவரித்தார். 1932-இல் ஃப்ரிட்சியெல்லா என்ற புதிய பேரினத்துக்குப் பெயர் வைத்தார். அவரிடம் இருந்தது நுண்ணோக்கி. அதுல உருவம் தெரியும். செல்லுக்குள்ள உலோகம் நுழையுற வழி தெரியாது.

அந்த வழி கிடைச்சது வால்வாக்ஸின் ஒருசெல் உறவான கிளாமிடோமோனாஸில். மும்பையில் பிறந்த சபீஹா மெர்ச்சன்ட், 1980-களில் ஹார்வர்டில் லாரன்ஸ் போகோராடுடன் இதில் இறங்கினார். தாமிரம் இருந்தால் இந்தப் பாசி ஒளிச்சேர்க்கைக்கு பிளாஸ்டோசயனின் என்ற தாமிரப் புரதத்தை வச்சுக்கும். இல்லைன்னா இரும்பு கொண்ட சைட்டோகுரோமுக்கு மாறிடும். தாமிரம் இல்லைன்னு அதுக்கு யார் சொன்னது? இதைச் சோதிக்கக் குடுவைகளை ஆசிட்டில் கழுவணும். கண்ணாடியில ஒட்டியிருக்கிற தாமிரமே போதும், சோதனை கெட்டுப்போகும். பெரிய கருவிகளைவிட இந்தக் கழுவுற வேலையைத்தான் நான் மதிக்கிறேன்.

2005-இல் தாமிரக் குறைவை உணர்த்தும் சிஆர்ஆர்1 மரபணு வெளியானது. 2007-இல் முழு மரபணுத்தொகுதி வந்தது. 2009-இல் மெர்ச்சன்ட் குழு தாமிரக் கடத்திப் புரதங்களின் நான்கு மரபணுக்களைப் படியெடுத்தது. குளோனிங்னா ஆட்டுக்குட்டி ஞாபகம் வரும். இங்கே ஒரே ஒரு மரபணுவைப் படியெடுக்கிறதுதான். தாமிரத்தைச் சரியா உறிஞ்ச முடியாத ஈஸ்டுக்குள்ள அதை வச்சாங்க. சிடிஆர்1, சிடிஆர்2 ரெண்டும் அந்த ஈஸ்டை மீட்டன. பாசியில் இந்த ரெண்டு புரதமும் செல்லின் வெளிச்சவ்வில்தான் நிக்குது.

பாசியை விட்டுச் சாயக்கழிவைச் சுத்தம் பண்ணிடலாம்னு சுலபமா பேசுறாங்க. எனக்குச் சந்தேகம் உண்டு. சிடிஆர் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுறது தாமிரம் குறையும்போதுதான். நிறைய இருந்தா அதுங்க அடங்கிடும். இன்னொரு விசித்திரம்: நிக்கல் சேர்த்தால், தாமிரம் தீர்ந்துபோன மாதிரி அதே மரபணுக்கள் வேலை செய்ய ஆரம்பிக்குது. கழிவுநீர்ல ஒரு உலோகம் மட்டுமா இருக்கும்?