எழுந்து நின்ற நீதிபதி

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவரிடமிருந்து தவறாமல் ஒரு வினா எழும். தன் தீர்ப்புப் பிழையென்று அறிந்த கணத்திலேயே பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் விடுகின்றான். அவன் உயிர் விடாமல் வாழ்ந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதே அவ்வினா. காப்பியத்துள் இதற்கு விடை இல்லை. இளங்கோவடிகளுக்கு அவ்விடை தேவையும் இல்லை. மரணமே மன்னனுக்குத் தண்டனையாகவும் கழுவாயாகவும் அமைந்துவிடுகின்றது. நாமும் அவ்வளவில் சொல்லி முடித்து அடுத்த காதைக்குச் சென்றுவிடுவதே வழக்கம்.

ஆயினும் அவ்வினா நம்மை விடுவதில்லை. குற்றமற்றோரைக் கொலைக்களத்துக்கு அனுப்பிவிட்டு, அதனைப் பிழையென்று உணர்ந்து, ஊரறிய ஒப்புக்கொண்டு, அதன் பின்னரும் முப்பத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்த ஒரு நீதிபதி வரலாற்றில் உண்டு. பெயர் சாமுவேல் சூவல். ஊர் வட அமெரிக்காவின் பாஸ்டன். கிறித்தவ மரபில் மனந்திரும்புதல் என்னும் கருத்துக்கு உள்ள ஆற்றலையும், அவ்வாற்றலின் எல்லையையும் அறிய அவர் வாழ்வினும் தெளிவான சான்று நாம் கண்டதில்லை.

முதலில் அச்சொல்லைச் சற்று நோக்குவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள ‘மெட்டனோயா’ என்பது மனம் மாறுதலைக் குறிக்கும். பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் அவ்விடத்து நிற்பது ‘ஷூவ்’ என்னும் வினை. போன வழியை விட்டுத் திரும்புதல் என்பது அதன் பொருள். ஒன்று மனத்தைப் பற்றியது, மற்றது நடையைப் பற்றியது. தமிழ் விவிலியத்தின் ‘மனந்திரும்புதல்’ இவ்விரண்டையும் ஒரே சொல்லில் பிணைத்துவிட்டது. மொழிபெயர்த்தோர் எண்ணிச் செய்தனரோ, தற்செயலாய் அமைந்ததோ, அழகிய ஆக்கம்! கத்தோலிக்கர் ‘மனஸ்தாபம்’, ‘பாவசங்கீர்த்தனம்’ என்றனர். பின்னாளில் ‘ஒப்புரவு’ என்றனர். தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்றே பாவ அறிக்கைக்கான கையேடுதான். என்றிக்கே என்றிக்கசு அடிகளார் ஆக்கிய அந்நூல் 1580-இல் கொச்சியில் அச்சாயிற்று. நிற்க.

சூவல் 1652-இல் இங்கிலாந்தில் பிறந்தார். சிறுவயதிலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்து, ஹார்வர்டில் 1671-இல் பட்டம் பெற்றார். நாணயச்சாலைத் தலைவரின் மகளை மணந்து செல்வரானார். அவர் சார்ந்திருந்த சமூகம் பியூரிட்டன் எனப்படும் தூய்மைவாதிகளின் சமூகம். அங்கே ஒருவர் சபையின் முழு உறுப்பினராக வேண்டுமெனில் தாம் மனந்திரும்பிய வரலாற்றைச் சபைக்கு உரைத்தாக வேண்டும். குடி, ஒழுக்கக்கேடு முதலிய குற்றங்களில் சிக்கியோர் தம் அறிக்கையை எழுதிப் போதகரிடம் கொடுப்பர். அவர் வாசிக்கும்போது குற்றவாளி எல்லார் முன்னும் எழுந்து நிற்பார். இவ்வழக்கத்தை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்.

1692-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேலம் சிற்றூரில் சில சிறுமியர் வலிப்புற்றுக் கதறத் தொடங்கினர். (நம் மாம்பழச் சேலம் அன்று, விவிலியத்தில் அமைதியைக் குறிக்கும் பெயரிலிருந்து வந்த ஊர் அது. அமைதிக்கும் அவ்வூருக்கும் அவ்வாண்டில் இருந்த உறவு கீழே வருவது.) தம்மைச் சூனியக்காரர் வதைப்பதாக அவர்கள் கூறிய பெயர்கள் பெருகின. ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் மே மாதத்தில் தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன். உடன் அமர்த்தப்பட்ட நீதிபதிகளுள் ஒருவர் சூவல்.

அந்நீதிமன்றம் ஏற்ற சாட்சியங்களுள் மிகக் கொடியது ஆவியுருச் சாட்சியம். குற்றம் சாட்டப்பட்டவர் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவருடைய உருவம் வந்து தன்னைக் கிள்ளியது என்று ஒரு சிறுமி சொன்னால் போதும். மறுத்து நிறுவ வழியே இல்லை. எழுபத்தொரு வயது மூதாட்டி ரெபெக்கா நர்ஸ் குற்றமற்றவர் என்றே நடுவர் குழு முதலில் தீர்ப்பளித்தது. அறையில் கூக்குரல் எழுந்தது. அம்மூதாட்டி முன்னர்க் கூறிய ஒரு சொல்லைக் குறிப்பிட்டு, அதனைக் கருதினீரோ என்று ஸ்டோட்டன் கேட்டார். அது குறித்துக் குழுவினர் வினவியபோது செவி மந்தமான அவர் விடை கூறவில்லை, தீர்ப்பு மாறியது. சூலை 19 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு சூன் முதல் செப்டம்பர் வரை தூக்கிலிடப்பட்டோர் 19 பேர். அவருள் 14 பேர் பெண்டிர். வாய்திறந்து வழக்காட மறுத்த முதியவர் கைல்ஸ் கோரி கற்களின் சுமையால் நசுக்கப்பட்டு இறந்தார். சிறையில் மாண்டோர் ஐவரேனும் உண்டு. மாண்டவருள் ஜார்ஜ் பரோஸ் என்னும் போதகர் சூவலுக்கு ஓராண்டு முன் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். சூவல் நன்கு அறிந்தவர்.

இங்கே நம்மை நடுங்கவைக்கும் ஒன்று உண்டு. சூனியக்குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவ்வொப்புதலில் நிலைத்து நின்ற எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறு ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொண்டவரிடமிருந்து மேலும் பெயர்களைக் கறக்கலாம் என்பது ஒரு காரணம். பாவத்தை அறிக்கையிட்டவர் திரும்பி வந்தவர் என்னும் சமய உணர்வு மற்றொன்று. சாமுவேல் வார்டுவெல் என்பவர் அச்சத்தால் முதலில் ஒப்புக்கொண்டார், பின்னர், தாம் சொன்னது பொய் என்று மெய்யுரைத்தார், தூக்குமேடை ஏறினார். செய்யாத பாவத்துக்கு மனம் வருந்துவதாய் நடித்தோர் பிழைத்தனர். கடவுளுக்கு அஞ்சிப் பொய் கூற மறுத்தோர் மாண்டனர். மனந்திரும்புதலை உயிர்மூச்சாய்க் கொண்ட ஒரு சமூகம் அதனையே கொலைக்கருவியாக்கிக்கொண்டது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. கட்டாயத்தால் பிறக்கும் அறிக்கை எவ்வளவு பெரிய கேடு என்பதற்குச் சேலம் நிலையான சான்று.

அக்டோபரில் ஆளுநர் அந்நீதிமன்றத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டு வேறொரு நீதிமன்றம் கூடியது. அங்கே ஆவியுருச் சாட்சியம் மதிப்பிழந்தது. வழக்குகள் பெரும்பாலும் விடுதலையில் முடிந்தன. பிறகு எல்லாரும் மௌனமாயினர். நீதிபதிகள் பதவியில் தொடர்ந்தனர். அரசு வருந்தவில்லை. இந்த மௌனம் நான்காண்டுகள் நீடித்தது.

சூவல் தம் வாழ்நாளெல்லாம் நாட்குறிப்பு எழுதியவர். சேலத்தில் நடந்த விசாரணை ஒன்றைக் கண்டு 1692 ஏப்ரலில் எழுதிய குறிப்பின் ஓரத்தில், ‘ஐயோ’ என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லை மும்முறை எழுதி வைத்திருக்கின்றார். 1696-ஆம் ஆண்டு அவர் இல்லத்துக்குக் கொடியதாயிற்று. மே மாதத்தில் ஓர் ஆண்மகவு இறந்தே பிறந்தது. டிசம்பர் 23-இல் இரண்டு வயது மகள் சேரா இறந்தாள். மறுநாள், பிணம் வீட்டில் கிடக்க, மகன் சாமுவேல் தந்தைக்கு மத்தேயு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தை லத்தீனில் ஒப்பித்தான். அதன் ஏழாம் வசனம், பலியைவிட இரக்கத்தையே இறைவன் விரும்புகின்றான் என்பதை அறிந்திருந்தால் குற்றமற்றோரை நீங்கள் தண்டித்திருக்க மாட்டீர்கள் என்னும் கருத்தினது. அது சேலத்துத் துயரை அச்சுறுத்தும் வகையில் நினைவூட்டியதாகத் தந்தை அன்று எழுதினார். அடுத்த நாள் மகளை அடக்கம் செய்தார். குடும்பக் கல்லறைக்குள் தாமே இறங்கி, மாமனாருடையதும் தம் பிள்ளைகளுடையதுமான சவப்பெட்டிகளை வரிசையாகப் பார்த்து நின்றார்.

1697 சனவரி 14 குடியேற்றம் முழுமைக்கும் உபவாச நாளாக அறிவிக்கப்பட்டது. (அக்கால ஆங்கில வழக்கில் மார்ச்சு மாதத்திலேயே ஆண்டு பிறந்தமையால் பழைய ஆவணங்களில் இது 1696 என்று காணப்படும்.) பாஸ்டன் தென் சபையின் தொழுகையில், போதகர் சாமுவேல் வில்லர்டு தம்மைக் கடந்து செல்கையில் சூவல் ஒரு தாளை அவர் கையில் கொடுத்தார். வில்லர்டு அந்நாளிலேயே ஆவியுருச் சாட்சியத்தை எதிர்த்து எழுதியவர் என்பது நினைக்கத்தக்கது. அவர் தாளை வாசித்தார். நாற்பத்து நான்கு வயது நீதிபதி, குடியரும் ஒழுக்கம் தவறியோரும் நிற்பதுபோலத் தம் இருக்கையில் எழுந்து நின்றார். வாசித்து முடிந்ததும் தலை தாழ்த்தினார். அவ்வளவே நிகழ்ச்சி.

அத்தாளின் சாரம் இது: தம்மீதும் தம் குடும்பத்தின்மீதும் இறைவனின் அடிகள் மீண்டும் மீண்டும் விழுவதை உணர்கின்றார், சேலம் நீதிமன்றத்தால் விளைந்த குற்றத்தில், தாம் அறிந்த எவரைவிடவும் தமக்கே பங்கு மிகுதி என்கின்றார், அதன் பழியையும் வெட்கத்தையும் தாமே ஏற்க விரும்புகின்றார், மனிதரிடம் மன்னிப்பு வேண்டுகின்றார், தம் பாவத்தின் பயனைத் தம்மீதோ, தம் குடும்பத்தின்மீதோ, நாட்டின்மீதோ சுமத்தாதிருக்க இறைவனை இறைஞ்சுமாறு சபையைக் கேட்கின்றார்.

இதனைப் பலமுறை பயின்றபின் நமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. மாண்டோர் எவர் பெயரும் அதில் இல்லை. ரெபெக்கா நர்ஸ் இல்லை, பரோஸும் இல்லை. தம் பிள்ளைகள் இறப்பது குறித்த அச்சம் அதில் இருக்கின்றது. பிறர் பிள்ளைகளை ஏதிலிகளாக்கியமை பற்றிய சொல் இல்லை. அச்சத்திலிருந்து பிறந்த வருத்தம் மெய்யான மனந்திரும்புதல் ஆகுமா என்று சமய அறிஞர் நெடுங்காலமாய் வாதிட்டுள்ளனர். ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. ‘பிழைகள் நிகழ்ந்தன’ என்று பொதுப்பட எழுதித் தப்பியிருக்கலாம். அன்றைய சட்டத்தின்மீதும், தலைமை நீதிபதியின்மீதும், அலகையின்மீதும் பழிபோட்டிருக்கலாம். அவர் அவற்றுள் எதனையும் செய்யவில்லை. பதவியில் இருக்கும்போதே, எவரும் கேளாதபோதே, தம் பெயரைச் சொன்னார்.

அன்று உபவாச நாளை அறிவித்த தற்காலிக ஆளுநர் யார் தெரியுமோ? அதே ஸ்டோட்டன்தான். அவர் இறுதிவரை வருந்தவில்லை. 1701-இல் அவ்வாறே இறந்தார். ஏனைய நீதிபதிகளுள் எவரும் சூவலைப்போல் எழுந்து நிற்கவில்லை. மாறாக, நடுவர் குழுவில் இருந்த எளிய மனிதர் பன்னிருவர் அதே ஆண்டில் கையொப்பமிட்டு, குற்றமற்றோர் குருதிக்குத் தாம் துணைபோனதாகக் கூறி, துயருற்று எஞ்சியோரிடம் நேரே மன்னிப்புக் கேட்டனர். நம் நோக்கில் அவ்வறிக்கை சூவலுடையதினும் நிறைவானது. 1706-இல், பன்னிரண்டு வயதில் பலரைக் குற்றஞ்சாட்டிய ஆன் புட்னம் சேலம் சிற்றூர்ச் சபையில் எழுந்து நின்றாள். போதகர் ஜோசப் கிரீன் வாசித்த அவள் அறிக்கையில் ரெபெக்கா நர்ஸின் பெயர் இருந்தது. அலகை தன்னை ஏமாற்றியதாகக் கூறிய பகுதி நமக்கு நிறைவளிக்கவில்லை எனினும், பெயர் சொல்லப்பட்டது. அச்சபையில் நர்ஸ் குடும்பத்தாரும் இருந்தனர்.

சூவலின் திரும்புதல் அத்தாளோடு முடிந்திருந்தால் நாம் இவ்வளவு எழுதியிரோம். 1700-இல் அவர் ‘யோசேப்பின் விற்பனை’ என்னும் மூன்று பக்கத் துண்டுநூலை வெளியிட்டார். உடன்பிறந்தாரால் அடிமையாய் விற்கப்பட்ட யோசேப்பின் கதையை முன்வைத்து, ஆப்பிரிக்கரை விலைக்கு வாங்குவது பாவம் என்று வாதிடும் அதுவே புதிய இங்கிலாந்தில் அச்சான முதல் அடிமை எதிர்ப்பு நூல். ஆதாம் என்னும் அடிமைக்கு உறுதிகூறிய விடுதலையைத் தர மறுத்த ஜான் சாஃபின், செல்வாக்குள்ள வணிகர். அவர் அடுத்த ஆண்டே மறுப்பு எழுதினார். நெடிய வழக்காடலுக்குப்பின் ஆதாம் விடுதலை பெற்றான். சூவலின் நூலிலும் அக்காலத்து நிற வேற்றுமை உணர்வின் கறை படிந்த வரிகள் உள்ளன, மறைப்பதற்கில்லை. ஆயினும் பெரும்பான்மையோடு சேர்ந்து ஒருமுறை குற்றமற்றோரைத் தண்டித்த மனிதர், அடுத்தமுறை பெரும்பான்மைக்கு எதிரே தனித்து நின்றார். எபிரேயர் ‘ஷூவ்’ என்று குறித்தது இதனைத்தான் என எண்ணுகின்றோம். 1718 முதல் பத்தாண்டுகள் அவரே தலைமை நீதிபதியாய் இருந்தார். 1730 சனவரி முதல் நாள் இறந்தார்.

1711-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் தண்டிக்கப்பட்டோர் பலரின் குற்றப்பெயரை நீக்கி, 578 பவுன் 12 சில்லிங் இழப்பீடு வழங்கியது. அப்பட்டியலில் எல்லார் பெயரும் இடம்பெறவில்லை. விடுபட்ட எலிசபெத் ஜான்சன் என்பவரின் பெயர், ஒரு பள்ளியின் மாணவர்கள் எடுத்த முயற்சியால், 2022-இல்தான் தூய்மையாக்கப்பட்டது.

ரெபெக்கா நர்ஸைச் சேலம் சபை 1692 சூலையிலேயே, தூக்கிலிடுவதற்கு முன்னர், சபையினின்றும் விலக்கியிருந்தது. அக்குறிப்பு சபையின் ஏட்டில் இருபது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1712 மார்ச்சில் அவர் மகன் வேண்டிக்கொண்டதன்மேல், அவ்வரிகள் அவர் பிள்ளைகளுக்கு இனியும் இழுக்காகாதவாறு ஏட்டிலிருந்து அழிக்கப்பட வேண்டும் எனச் சபையார் கூடி முடிவு செய்தனர்.