‘எழுத்து’ உணர்த்தும் பாடம்

இலக்கியப் புதுமுயற்சிகளின் வரலாற்றை எழுதுவோர் படைப்பாளரையே முதன்மையாகக் குறிப்பிடுவர். அம்முயற்சிகளை விடாது பின்தொடர்ந்த வாசகரின் பங்கும் எண்ணிப் பார்த்தற்குரியதாகும்.

ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ என்னும் கவிதை 1934ஆம் ஆண்டில் ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது. மரபுவழி யாப்பினை விட்டு விலகிய இப்புதுமுறைக்கு நிலையான களம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. சென்னையில் 1959 சனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ ஏடே அக்களத்தை அமைத்துத் தந்தது. சி. மணி, தி. சோ. வேணுகோபாலன், இலங்கைத் திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு முதலிய இளைஞர்கள் அதில் எழுதினர். 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்ட ‘புதுக்குரல்கள்’ என்னும் தொகுதி 1962இல் வெளிவந்தது.

எனினும், ‘எழுத்து’க்கு வாய்த்த வாசகர் மிகச் சிலரே. செல்லப்பா தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து, கல்லூரிதோறும் சென்று விற்றார். போதிய ஆதரவின்மையால் ‘எழுத்து’ 1970இல் நின்றது. அது வளர்த்த புதுக்கவிதையோ பின்னாளில் பாடநூல்களிலும் இடம்பெற்றது.

நின்றுபோன ஏட்டின் சிறப்பை வகுப்பறையில் விளக்குதல் எளிது. நம்மூரில் இன்று வெளிவரும் சிற்றேட்டினைச் சந்தா செலுத்தி வாங்கி, மாணவர் கையில் கொடுத்து, அதன் நிறைகுறைகளை அவரோடு ஆராய்தல் சற்றே அரிது. ஆசிரியர்க்குரிய தமிழ்ப்பணி அதுவேயாகும்.