திருப்பி அழைக்கும் உரிமை

கனடா தேசத்தின் மேற்கிலே மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா என்னும் மூன்று மாகாணங்களாக விரிந்து கிடக்கும் புல்வெளிச் சீமையில், அரசியல் தலைவர்கள் மீது ஜனங்களுக்கு உண்டான அதிருப்தி ஒரு விசேஷமான வடிவத்தை அடைந்தது. தலைவரை மாற்றுவதோடு அந்த ஜனங்கள் திருப்தியடையவில்லை. தாங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதி தலைநகரைப் போய்ச் சேர்ந்த பிறகு யாருக்குக் கட்டுப்பட்டவர், கட்சித் தலைவருக்கா அல்லது அனுப்பிய தொகுதிக்கா என்ற கேள்வியை எழுப்பி, தொகுதிக்கே என்ற விடையைச் சட்டமாக எழுதி வைக்கவும் முயன்றார்கள். பதவிக் காலம் முடியுமுன்பே பிரதிநிதியை வாக்காளர்கள் திருப்பி அழைத்துக்கொள்ளும் உரிமை அந்த முயற்சியின் சிகரம். நூறு ஆண்டுகளாக அந்த உரிமை அங்கே கோரப்பட்டும், கொடுக்கப்பட்டும், பறிக்கப்பட்டும் வந்திருக்கிறது. கனடாவின் கட்சி அரசியலை அறிந்துகொள்ள, ஆட்டவாவில் வீற்றிருந்த பிரதம மந்திரிகளின் வரிசையைக் காட்டிலும் இந்த ஓர் உரிமையின் சரித்திரமே அதிகம் துணை செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

கோபத்துக்கு ஆதாரமாய் இருந்தது கோதுமை. 1879-ஆம் ஆண்டில் ஜான் மக்டொனால்டின் கன்சர்வேடிவ் அரசாங்கம், கிழக்கு மாகாணங்களில் தொழிற்சாலைகள் வளர வேண்டும் என்ற நோக்கத்தோடு இறக்குமதிச் சரக்குகளின் மேல் கனத்த சுங்கவரியை விதித்தது. அதன் பிறகு மேற்கிலே குடியேறிய விவசாயி, தன் கோதுமையைப் போட்டிக்கு இடமளிக்கும் லிவர்பூல் சந்தையின் விலைக்கு விற்றுவிட்டு, கலப்பையையும் அறுவடை யந்திரத்தையும் போட்டிக்கு இடமளிக்காத ஒண்டாரியோ விலைக்கு வாங்கும்படி நேர்ந்தது. லிபரல் கட்சியார் எதிர்க்கட்சியாக இருந்தபோது, 1893-ல் கூடிய மகாநாட்டில் இந்த வரியைக் கண்டித்துத் தீர்மானம் செய்தார்கள். 1896-ல் வில்பிரிட் லோரியேயின் தலைமையில் ஆட்சியைப் பெற்றதும் வரியைப் பெரும்பாலும் இருந்தபடியே விட்டுவைத்தார்கள். 1910 டிசம்பரில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் ரயிலேறி ஆட்டவாவுக்கே போய்ப் பார்லிமெண்டின் முன் முறையிட்டார்கள். அமெரிக்காவோடு வரியைக் குறைக்கும் பரஸ்பர வர்த்தக ஒப்பந்தம் செய்துகொள்ள லோரியே முன்வந்ததும், அந்த ஒப்பந்தத்தின் பேரிலேயே 1911 தேர்தலில் அவர் தோற்றதும் விவசாயிகளுக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தன: ஒரு கட்சி கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தாமதிக்கும், மற்றது வாக்குறுதியே அளிக்காது.

இந்த மனக்கசப்பைச் சினமாக மாற்றியது முதல் உலக யுத்தம். 1917-ல் கட்டாய ராணுவ சேவையை முன்னிட்டுப் பிரதம மந்திரி ராபர்ட் போர்டன், லிபரல்களில் ஒரு பகுதியாரையும் சேர்த்துக்கொண்டு ஐக்கிய அரசாங்கம் ஒன்றை அமைத்துத் தேர்தலுக்கு நின்றபோது, பயிர்த்தொழிலில் ஈடுபட்டிருக்கும் விவசாயிகளின் புதல்வர்களுக்கு விலக்கு உண்டு என்று உறுதி கூறப்பட்டது. அந்த உறுதியை நம்பி விவசாயிகள் ஓட்டுப் போட்டார்கள். 1918 ஏப்ரலில், ஐரோப்பாவில் யுத்த நிலைமை மோசமானதும், விலக்கு ரத்து செய்யப்பட்டது. விதைப்புக் காலத்தில், வயலைவிட்டு ஆயிரக்கணக்கான விவசாயிகள் மறுபடியும் ஆட்டவாவுக்குப் போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். யுத்த களத்தின் அவசரம் போர்டனுக்கு ஒரு நியாயத்தை அளித்தது உண்மையே. ஆயினும் தேர்தலில் கொடுத்த சொல்லை ஐந்து மாதங்களுக்குள் மாற்றிய அரசாங்கம், அந்தச் சொல்லின் பேரில் ஓட்டுப் பெற்ற உறுப்பினர்களை வாய் திறவாமல் உட்கார வைத்ததே என்ற ஆத்திரம் விவசாயிகளின் வீடுகளில் தணியவில்லை. தங்கள் பிரதிநிதிகளே தங்களுக்காகப் பேசவில்லை என்பதுதான் அவர்கள் நெஞ்சில் தைத்தது.

அப்பொழுது அவர்கள் கையில் ஒரு புதிய யோசனை இருந்தது. தெற்கே அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஆரிகன் முதலிய ராஜ்யங்களில், பிரதிநிதியைத் திருப்பி அழைத்தல், மசோதாவை ஜனங்களே பிரேரேபித்தல், சர்வஜன வாக்கெடுப்பு என்ற மூன்றும் நடைமுறைக்கு வந்திருந்தன. அங்கிருந்து குடிபெயர்ந்து வந்த விவசாயிகள் விதை தானியத்தோடு இந்தக் கொள்கைகளையும் கொண்டுவந்தார்கள். 1905-ல் மிஸௌரியிலிருந்து ஆல்பர்ட்டாவுக்கு வந்து, 1916 முதல் 1931 வரை ஆல்பர்ட்டா ஐக்கிய விவசாயிகள் சங்கத்தின் தலைவராய் விளங்கிய ஹென்றி வைஸ் வுட் இவர்களுள் முதன்மையானவர். கட்சி என்பதே பொதுநலத்துக்கு விரோதமானது என்பது அவர் சித்தாந்தம். விவசாயிகள், தொழிலாளர், வியாபாரிகள் என்று ஒவ்வொரு தொழிற்கூட்டமும் தன் பிரதிநிதிகளைத் தானே அனுப்பி, அவர்கள் ஒத்துழைத்து ஆள வேண்டும், பிரதிநிதிக்குத் தொகுதிச் சங்கமே எஜமான் என்று அவர் போதித்தார். மனிடோபாவிலோ 1916-ல் லிபரல் அரசாங்கமே ஜனங்கள் நேரடியாகச் சட்டம் இயற்ற இடமளிக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆனால் அது அரசரின் பிரதிநிதியான லெப்டினண்டு கவர்னருடைய அதிகாரத்தைக் குறைப்பதாகும் என்று 1919-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துத் தள்ளிவிட்டது. ஆங்கிலேய முறையில் அமைந்த பார்லிமெண்டும் அமெரிக்க முறையில் பிறந்த உரிமையும் ஒன்றுக்கொன்று இசைவது எளிதன்று என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

இரண்டே ஆண்டுகளில் ஆட்சிகள் சரிந்தன. 1919-ல் ஒண்டாரியோவில் விவசாயிகள் அரசாங்கம் அமைத்தார்கள். 1921 ஜூலையில் ஆல்பர்ட்டாவில் 61 ஸ்தானங்களில் 38-ஐ விவசாயிகள் சங்கம் கைப்பற்றியது. முதல் மந்திரி யார் என்றே தீர்மானிக்காமல் தேர்தலில் இறங்கிய அந்தச் சங்கம், வுட் பதவியை மறுத்துவிட்டபடியால், தேர்தலில் நிற்காத ஹெர்பர்ட் கிரீன்பீல்டை அழைத்து முதல் மந்திரியாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த தேசியத் தேர்தலில், சுங்கவரி விஷயத்தில் போர்டன் மந்திரிசபையிலிருந்து ராஜினாமாச் செய்து வெளியேறிய தாமஸ் கிரேராரின் தலைமையில், விவசாயிகளின் சார்பில் நின்ற புரோகிரெஸ்ஸிவ் கட்சியார் அறுபதுக்கு மேற்பட்ட ஸ்தானங்களைப் பெற்றார்கள். ஆட்சியிலிருந்த கன்சர்வேடிவ் கட்சி ஐம்பதளவில் மூன்றாமிடத்துக்கு இறங்கியது. கனடாவின் பார்லிமெண்டில் முதல் பெண் உறுப்பினராக ஆக்னஸ் மக்ஃபெயில் பிரவேசித்ததும் இந்த விவசாயிகளின் அலையிலேதான்.

இவ்வளவு பெரிய வெற்றியைக் கொண்டு அவர்கள் செய்தது என்ன? எண்ணிக்கையில் இரண்டாமிடம் பெற்றும் எதிர்க்கட்சி என்ற ஸ்தானத்தை ஏற்க மறுத்தார்கள். கட்சி முறையையே வெறுத்து வந்தவர்கள் அந்த முறையின் ஆசனத்தில் அமரக் கூசினார்கள். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். எனினும் அதனால் விளைந்த நஷ்டம் பெரிது. கிரேராரும் மனிடோபாக்காரரும் லிபரல் கட்சியைத் திருத்தி வழிக்குக் கொண்டுவந்தால் போதும் என்று கருதினார்கள். வுட்டைப் பின்பற்றிய ஆல்பர்ட்டாக்காரர் எந்தத் தலைவருக்கும் கட்டுப்பட மாட்டோம் என்றார்கள். 1922-ல் கிரேரார் தலைமையைத் துறந்தார். இணக்கத்தினாலேயே எதிரிகளைக் கரைக்கும் வித்தையில் வல்லவரான லிபரல் பிரதம மந்திரி மெக்கென்சி கிங், சுங்கவரியில் கொஞ்சம் குறைத்து, தானியத்துக்கு ரயில் கட்டணச் சலுகையைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவராகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கிரேராருக்குப் பின் தலைவரான ராபர்ட் ஃபோர்க் 1926-லும், கிரேரார் 1929-லும் கிங்கின் மந்திரிசபையிலேயே அமர்ந்தார்கள்.

ஆல்பர்ட்டாவில் ஆட்சி புரிந்த விவசாயிகளோ வேறொரு தடையைக் கண்டார்கள். மந்திரிசபை கொண்டுவரும் முக்கியமான மசோதா தோற்றால் மந்திரிசபையே விழ வேண்டும் என்பது ஆங்கிலேய வழக்கம். ஆகவே தொகுதியின் விருப்பப்படி எதிர்த்து ஓட்டுப் போட எழும் உறுப்பினர், அந்த ஒரு மசோதாவை மட்டும் எதிர்க்கவில்லை. தம் சொந்த அரசாங்கத்தின் உயிரையே பணயமாக வைக்கிறார். இந்த நிர்ப்பந்தத்தினால், கட்டுப்பாட்டை ஒழிக்க வந்தவர்களே சில ஆண்டுகளில் கட்டுப்பாட்டுக்குப் பழகிப்போனார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது தர்மமாகாது. எந்த நிலத்தின் விளைச்சலுக்காக இத்தனை வாதங்கள் எழுந்தனவோ, அந்த நிலத்தை உடன்படிக்கைகளின் மூலம் இழந்த பூர்வ குடிகளுக்கு, தங்கள் சட்ட அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமல் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை 1960-ஆம் ஆண்டு வரையில் கிடைக்கவில்லை. பிரதிநிதி எங்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று முழங்கிய மேடைகளில், பிரதிநிதியே இல்லாதவர்களைப் பற்றிய பேச்சு எழவில்லை.

பின்பு வறட்சி வந்தது. மேல்மண் புழுதியாய்ப் பறந்தது. 1920-ல் புஷல் இரண்டு டாலருக்கு மேல் விற்ற கோதுமை, 1932-ல் 40 சென்டுக்கும் கீழே இறங்கியது. பெட்ரோல் வாங்க வழியில்லாதவர்கள் மோட்டார் காரின் யந்திரத்தைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டி, அந்த வண்டிக்குப் பிரதம மந்திரி பென்னெட்டின் பெயரையே சூட்டினார்கள். அந்தக் காலத்தில் கால்கரி நகரத்து உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரும், ஞாயிறுதோறும் ரேடியோவில் பைபிள் பிரசங்கம் செய்து மாகாணம் முழுவதும் தம் குரலைப் பரிச்சயப்படுத்தியவருமான வில்லியம் ஏபர்ஹார்ட், ஆங்கிலேயரான மேஜர் டக்ளஸின் 'சமூகக் கடன்' தத்துவத்தைத் தழுவி, வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் பங்குத்தொகை கிடைக்கச் செய்யலாம் என்று பிரசாரம் செய்தார். 1935 ஆகஸ்டு 22-ஆம் தேதி 63 ஸ்தானங்களில் 56 அவருடைய இயக்கத்துக்குக் கிடைத்தன. பதினான்கு ஆண்டுகள் ஆண்ட விவசாயிகள் சங்கத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஏபர்ஹார்ட் அந்தப் பொதுத் தேர்தலில் தாமே நிற்கவில்லை. ஆயினும் தொகுதிகள் முன்மொழிந்த பெயர்களிலிருந்து அபேட்சகர்களைப் பொறுக்கியவர்கள் அவரும் அவருடைய ஆலோசனைக் குழுவினருமே. அதாவது, கட்சித் தலைவர்களின் ஆதிக்கத்தை வெறுத்த ஜனங்கள், அந்தத் தலைவர்கள் எவரும் கேட்டிராத அதிகாரத்தை ஒரு தனி மனிதரிடம் ஒப்படைத்தார்கள். பசியும் கடனும் மிகுந்த வீட்டில் ரேடியோ வழியே வந்த நம்பிக்கை மொழி எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிற்பாடு ஒக்கோடாக்ஸ்–ஹை ரிவர் தொகுதியின் உறுப்பினர் இடம் விட்டுக் கொடுக்க, ஏபர்ஹார்ட் போட்டியின்றிச் சட்டசபைக்குள் வந்தார். 1936-ல் தம் வாக்குறுதிகளில் ஒன்றை நிறைவேற்றவும் செய்தார்: ஒரு தொகுதியின் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டால் அத்தொகுதியின் உறுப்பினர் பதவி இழப்பார் என்ற சட்டம் ஆல்பர்ட்டாவில் அமலுக்கு வந்தது. நெடுங்காலமாகக் கேட்ட உரிமை கடைசியாக ஏட்டில் ஏறியது.

மாதம் 25 டாலர் மாத்திரம் வரவில்லை. பாங்குகளும் நாணயமும் தேசிய அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாகாணம் தொட முடியாதவை. 1937 வசந்தத்தில் ஏபர்ஹார்ட்டின் உறுப்பினர்களே கலகம் செய்தார்கள். அந்த ஆண்டிலேயே, திருப்பியழைக்கும் சட்டத்தை முதன்முதலாகக் கையிலெடுத்துக்கொண்டு கையெழுத்துத் திரட்டப் புறப்பட்டவர்களில் ஒக்கோடாக்ஸ்–ஹை ரிவர் தொகுதியாரும் இருந்தார்கள். சட்டத்தைக் கொண்டுவந்த முதல் மந்திரியின் சொந்தத் தொகுதி அது! கையெழுத்துக்கள் குவிந்துகொண்டு வந்தன. வாக்காளர்கள் மிரட்டப்பட்டார்கள் என்று அரசாங்கத் தரப்பில் காரணம் கூறப்பட்டது. 1937 இலையுதிர் காலத்தில், சட்டம் பிறந்த நாளிலிருந்தே இல்லாததாகக் கருதப்படும் வண்ணம் முன்தேதியிட்டு ரத்து செய்யப்பட்டது. தொகுதி தன் பிரதிநிதியை அழைக்க எழுந்தவுடன், அழைப்பதற்குரிய வாய் அடைக்கப்பட்டது. 1940 தேர்தலில் ஏபர்ஹார்ட் கால்கரியில் நின்றார். 1943-ல் இறக்கும் வரை முதல் மந்திரியாக இருந்தார். சட்டம் ரத்தான காலத்து மந்திரிசபையில் அவருடைய பிரதம சீடரான எர்னெஸ்ட் மானிங்கும் ஓர் அங்கத்தினர். குருவுக்குப் பின் அவரே 1968 வரை மாகாணத்தை ஆண்டார்.

அந்த மானிங்கின் மகன் பிரெஸ்டன் மானிங் 1987-ல் ரிஃபார்ம் கட்சியைத் தோற்றுவித்தபோது, அதன் திட்டத்தில் திருப்பியழைக்கும் உரிமை மறுபடியும் இடம்பெற்றது. பழைய சினம் புதிய காரணங்களால் மூண்டிருந்தது. 1980-ல் லிபரல் அரசாங்கம் வகுத்த எண்ணெய்க் கொள்கை ஆல்பர்ட்டாவைப் புண்படுத்தியிருந்தது. பிறகு வந்த பிரையன் மல்ரோனியின் கன்சர்வேடிவ் அரசாங்கம், 1986-ல் போர் விமானங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தை, சிறந்த டெண்டர் கொடுத்த மனிடோபாவின் வினிபெக்குக்குக் கொடாமல் மான்ட்ரியாலுக்குக் கொடுத்தது. சரக்கு மற்றும் சேவை வரி 1991-ல் வந்தது. மூன்று பெரிய தேசியக் கட்சிகளின் தலைவர்களும் ஒன்றுகூடி ஆதரித்த ஷார்லட்டவுன் அரசியலமைப்பு உடன்பாட்டை, 1992 அக்டோபர் 26-ஆம் தேதி சர்வஜன வாக்கெடுப்பில் ஜனங்கள் நிராகரித்தார்கள். அந்தத் தலைவர்கள் ஒரு பக்கத்திலும் ஜனங்களில் பெரும்பான்மையோர் மறு பக்கத்திலும் நின்ற நாள் அது. மறு ஆண்டு அக்டோபர் 25-ல் நடந்த பொதுத் தேர்தலில், 1988-ல் 169 ஸ்தானங்களை வென்றிருந்த ஆளுங்கட்சிக்கு இரண்டே ஸ்தானங்கள் மிஞ்சின. பிரதம மந்திரி கிம் காம்பெல் தம் தொகுதியிலேயே தோற்றார். ரிஃபார்ம் கட்சிக்குக் கிடைத்த 52 ஸ்தானங்களில் 51 மேற்கிலே கிடைத்தவை. இப்படி வீழ்ந்த கட்சியின் பெயர் புரோகிரெஸ்ஸிவ் கன்சர்வேடிவ். அதன் முற்பாதி, விவசாயிகளால் மனிடோபாவில் முதல் மந்திரியாக்கப்பட்ட ஜான் பிராக்கன், 1942-ல் கன்சர்வேடிவ் கட்சியின் தலைமையை ஏற்கும்போது நிபந்தனையாக விதித்துச் சேர்ப்பித்தது.

ரிஃபார்ம் கட்சி பெயர் மாறி, 2003-ல் எஞ்சிய கன்சர்வேடிவ்களோடு கலந்து, 2006-ல் ஸ்டீபன் ஹார்ப்பரின் தலைமையில் ஆட்சியை அடைந்தது. உறுப்பினர்களின் மேல் அவர் செலுத்திய கட்டுப்பாடு கடுமையானது. தேசியப் பார்லிமெண்டில் திருப்பியழைக்கும் சட்டம் பிறக்கவில்லை. மாகாணங்களில் மட்டும் அது உயிர் பெற்றது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1991-ல் வாக்காளர்கள் பெருவாரியாக அதை விரும்பி ஓட்டளிக்க, 1995-ல் சட்டம் வந்தது: 60 நாட்களுக்குள், தொகுதியின் வாக்காளர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களின் கையெழுத்தைத் திரட்ட வேண்டும். 1998-ல், பொய்ப் பெயர்களில் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதித் தம்மைத் தாமே புகழ்ந்துகொண்ட ஓர் உறுப்பினருக்கு எதிராகப் போதிய கையெழுத்துச் சேர்ந்தது. முடிவு அறிவிக்கப்படுமுன் அவர் ராஜினாமாச் செய்துவிட்டார். ஆல்பர்ட்டா சட்டசபை 2021-ல் அந்த உரிமையை மறுபடியும் சட்டமாக்கியது. இம்முறை கையெழுத்து மட்டும் போதாது. கையெழுத்து நிறைந்த பின் தொகுதியில் ஒரு வாக்கெடுப்பு நடந்து, அதில் பெரும்பான்மையினர் விரும்பினால்தான் உறுப்பினர் விலக வேண்டும். 1937-ல் பறிகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் எண்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து வந்திருக்கிறது. அதைக் கொடுத்த சட்டசபைக்கு, விரும்பினால் எடுத்துவிடும் அதிகாரமும் முன்போலவே இருக்கிறது.