எண்ணூர்க் கழிமுக இருளர்

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்திலும், அதையடுத்த பழவேற்காடு ஏரிப் பகுதியிலும் வெறுங்கையால் இறாலும் நண்டும் பிடித்து வாழும் பழங்குடியினர். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் எண்ணெய்க் கசிவும் இவர்களுடைய பிழைப்பையும் உடல்நலத்தையும் ஒருசேரத் தாக்கியுள்ளன. தமிழ்நாட்டில் சூழல் நீதி பற்றிப் பேசுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் எண்ணூரும் ஒன்று.

இருளர், தமிழகத்தில் மிகவும் நலிவுற்றவை என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு பழங்குடிகளுள் ஓர் இனத்தவர். திருவண்ணாமலை, விழுப்புரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இவர்கள் கூடிக் கன்னியம்மனுக்குப் படையலிடுகிறார்கள். திருமணங்களும் அங்கே நடக்கின்றன. பாம்பு பிடித்தலும் எலி பிடித்தலும் பழைய தொழில்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத் தோல் வணிகம் மூடப்பட்டது. பலர் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாயினர். 1976-லேயே சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்துவிட்டது, ஆலைகள் ஒழிக்கவில்லை. நீர்நிலை ஓரத்து இருளருக்கு ஆறுதான் கடன் கேட்காத முதலாளியாக இருந்தது.

அவர்களின் மீன்பிடி முறை தனித்தன்மை கொண்டது. படகு, வலை, எஞ்சின் எதுவும் வேண்டாம். ஆணும் பெண்ணும் இடுப்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பற்றி, பல்லில் கவ்விய பறிக்கூடையில் போடுகிறார்கள். தொடு உணர்வை மட்டுமே நம்பிய வேலை. சேறு இளகி இருக்க வேண்டும், நீர் ஆழமற்று இருக்க வேண்டும், பல மணி நேரம் உடம்பு நீரில் ஊற வேண்டும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நேர்ந்தது புரியும்.

எண்ணூரைச் சுற்றி முதலில் 1960-களில் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையமும் வந்தன. பிறகு வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களும், 2001-இல் இன்றைய காமராசர் துறைமுகமும் வந்தன. எரிந்த நிலக்கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் கழிமுகத்தின் குறுக்கே செல்லும் குழாய்கள் வழியே சாம்பல் குட்டைகளுக்கு அனுப்புவது வழக்கம். இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. ஆர்செனிக், காரீயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் அதில் கலந்திருக்கின்றன. துருப்பிடித்த குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. சாம்பல் படிந்து ஆற்றின் ஆழம் குறைந்தது, சேறு சிமெண்டு போல இறுகியது. மின் நிலையங்கள் வெளியேற்றும் சூடான நீர் வேறு. இறால் புதைந்துகொள்ளும் மண்ணும், விரல் நுழையும் மண்ணும் ஒன்றுதான். இரண்டும் சேர்ந்தே போயின. நீரில் இறங்குபவர்கள் அரிப்பையும் தோல் வெடிப்பையும் சொல்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் பெயரிட்ட தென் அமெரிக்கச் சிப்பியொன்று ஆற்றுத் தரையைக் கம்பளம்போல் மூடியது. கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பும் நிலைப்பு நீரில் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கூரிய ஓடுகள் நிறைந்த தரையில் கையால் துழாவ முடியாது.

2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் பாய்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் பகுதி மக்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இழப்பீடு தரும்போதுதான் அநீதி கூர்மையாகிறது. பழவேற்காட்டில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' என்னும் ஏற்பாட்டில் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் ஊர்களுக்கே இடமுண்டு, இருளருக்கு இல்லை. படகில்லை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை இல்லை, பலருக்குச் சாதிச் சான்றிதழ்கூட இல்லை. சேதக் கணக்கோ படகையும் வலையையும் எண்ணுகிறது. 2023 எண்ணெய்க் கசிவு நிவாரணத்தில் இருளர் குடும்பங்கள் விடுபட்டதாகப் புகார் எழுந்தது இதனால்தான். நாள்முழுவதும் நஞ்சு நீரில் உடம்பை வைப்பவர், உடைமை இல்லாததால் பாதிக்கப்பட்டவராகவே எண்ணப்படுவதில்லை. மாசு ஏற்கெனவே இருந்த பாகுபாட்டின் தடத்திலேயே பாய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

எதிர்ப்புக்கும் வரலாறுண்டு. மீனவர் சங்கங்களும் சூழலியல் ஆர்வலர்களும் சாம்பல் கசிவை ஆண்டுதோறும் பதிவு செய்தனர். 2017-இல் டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' எண்ணூரைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தது. மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில் கழிமுகத்தை மீட்கும் வழிகளை ஆராய வல்லுநர் குழுவை அமைத்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, 2022-இல் மின்வாரியத்தின் பொறுப்பைச் சுட்டியது.

கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள கிராஸி நாரோஸ் ஒஜிப்வே மக்களின் கதை இதற்கு நெருங்கியது. 1962 முதல் 1970 வரை டிரைடன் காகித ஆலை ஆற்றில் கொட்டிய சுமார் 10 டன் பாதரசம், மீனையே உணவாகவும் வேலையாகவும் கொண்டவர்களை நரம்பு நோயில் தள்ளியது. பாதரச நஞ்சால் வரும் மினமாட்டா நோயை ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர் மசாசுமி ஹராடா 1975-இல் அங்கு சென்று அதே அறிகுறிகளைக் கண்டார். மருத்துவர் ஒருவர் தேடிச் சென்று உடம்புகளைப் பரிசோதித்ததால் அங்கே வாதாட ஆதாரம் கிடைத்தது. எண்ணூர் ஆற்றில் இறங்கும் இருளருக்கும் அத்தகைய தொடர் பரிசோதனை தேவை.

பழங்குடி நிலத்தில் அவர்கள் சம்மதமின்றி நச்சுப் பொருள் கொட்டக் கூடாது என்கிறது 2007-ஆம் ஆண்டின் ஐ.நா. பழங்குடி உரிமைப் பிரகடனத்தின் 29-ஆம் பிரிவு. இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. 2006-இன் வன உரிமைச் சட்டம் மீன் உள்ளிட்ட நீர்நிலைப் பொருள்களின் மீது சமூக உரிமை தருகிறது. ஆனால் அது வனநிலத்தோடு கட்டுண்டது. காட்டை விட்டுக் கரையோரம் வந்தவருக்கு எட்டாது. ஆயினும் கையால் மீன்பிடிப்போரைப் பெயரும் இடமும் குறித்துப் பதிவு செய்வதற்கு எந்தப் புதிய சட்டமும் வேண்டாம். மீன்வளத் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் ஒரே பட்டியலில் கையெழுத்திட்டால் போதும்.